நீரும் நெருப்பும் மறுக்கப்பட்டவர்கள்

1880 செப்டம்பர் கடைசி. அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில், நீல் என்ற சிற்றூரின் பங்குத்தந்தை ஜான் ஓமாலியுடன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத். தட்டில் இருந்ததைத் தொடாமல் யோசனையில் இருந்தவரிடம் என்ன சங்கதி என்று கேட்டார் பாதிரியார். ஒரு சொல் அகப்படவில்லை என்றார் ரெட்பாத். நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்ட குத்தகைக்காரனின் காணியை இன்னொரு விவசாயி எடுத்துக்கொண்டால் ஊர் அவனை ஒதுக்குகிறது. அதற்குச் சமூக விலக்கு என்று பெயர் இருக்கிறது. ஒரு நிலக்கிழாரையோ அவருடைய காரியஸ்தரையோ ஊரே கூடி ஒதுக்கினால் அதற்கு என்ன பெயர்? ‘ஆஸ்ட்ரசிசம்’ என்று கிரேக்கத்திலிருந்து வந்த சொல் ஒன்று இருந்தது. குடியானவர்களுக்கு அது விளங்காது என்பதில் இருவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. பாதிரியார் நெற்றியைத் தட்டி யோசித்தார். காரியஸ்தரின் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டால் என்ன என்று கேட்டார். காரியஸ்தரின் பெயர் பாய்காட்.

இதை எழுதிவைத்தவர் ரெட்பாத்தான். தன்னையும் தன் நண்பரையும் ஒரு சொல்லுக்குத் தாய்தந்தையாகக் காட்டும் கதையைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்க வேண்டும். ஆனால் தேதிகள் அவருக்குச் சாதகமாக இருக்கின்றன. அந்த நவம்பர் முடிவதற்குள் லண்டன் டைம்ஸ் நாளேட்டில் அந்தப் பெயர் வினைச்சொல்லாக ஏறிவிட்டது.

ஒருவரைப் புறந்தள்ளுவதைக் குறிக்கும் வழக்குகளில் இப்படி ஊரும் மாதமும் சொல்லக்கூடிய பிறப்புக் கணக்கு கொண்டவை மிகக் குறைவு. பெரும்பாலானவற்றுக்குக் கதைகள் மட்டுமே உண்டு. ஆனாலும் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒதுக்கப்பட்டவருக்கு எது மறுக்கப்பட்டதோ அதன் பெயர் அந்த வழக்குக்குள்ளேயே பல இடங்களில் தங்கியிருக்கிறது. தண்ணீர், நெருப்பு, ஹூக்கா, ஒரு பிடி பேச்சு. மறுத்த வழக்கம் மறைந்த பிறகும் சொல் நின்றுவிடுகிறது. சொல் சொல்லாமல் விடுவது இன்னொன்று: மறுக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பது. அதைத் தெரிந்துகொள்ளச் சொல்லைவிட்டு வெளியே வந்து ஊருக்குள் போக வேண்டும்.

மேயோவுக்கே போவோம். சார்லஸ் கன்னிங்ஹம் பாய்காட் 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். சில காலம் ராணுவத்தில் இருந்தார். பிறகு அயர்லாந்தில் குடியேறி, மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். கூடவே எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர் வேலையும் பார்த்தார். அந்த நிலங்கள் சுமார் 1,500 ஏக்கர். உழுதவர்கள் 38 குத்தகைக்காரர்கள். 1879இல் அயர்லாந்தில் விளைச்சல் பொய்த்தது. அந்த அக்டோபரில் மேயோவின் காசில்பார் ஊரில்தான் ஐரிஷ் நிலச் சங்கம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு எர்ன் பிரபு குத்தகையில் பத்து விழுக்காடு குறைக்க முன்வந்தார். குடியானவர்கள் இருபத்தைந்து கேட்டார்கள். பேச்சு முறிந்தது. பாய்காட் பதினொரு பேரை வெளியேற்ற நீதிமன்ற அறிவிப்பு வாங்கினார்.

இதற்கு நடுவே, செப்டம்பர் 19 அன்று என்னிஸ் நகரில் நிலச் சங்கத் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் ஒரு கூட்டத்தில் பேசினார். அடுத்தவன் துரத்தப்பட்ட நிலத்தை ஏலம் கேட்கிறவனை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்க, சுட்டுத் தள்ளுவோம் என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. அதைவிடக் கிறிஸ்தவ முறை ஒன்று உண்டு என்றார் பார்னெல். சாலையில் எதிர்ப்பட்டால் பேசாதீர்கள், கடைத்தெருவில் பேசாதீர்கள், கோயிலில்கூட அவனைத் தனியே விடுங்கள், பழங்காலத்துத் தொழுநோயாளியை விலக்கியதுபோல் விலக்குங்கள் என்றார். பார்னெல் சொன்னது நிலத்தை அபகரிக்கும் சக விவசாயியைப் பற்றி. மூன்றே நாளில் அது இலக்கு மாறியது.

செப்டம்பர் 22. அறிவிப்பைக் கொடுக்க நீதிமன்றச் சேவகர் பதினேழு காவலர்களோடு கிளம்பினார். மூன்று வீடுகளில் கொடுத்தும்விட்டார். நான்காவது வீட்டில் ஒரு பெண் வாங்க மறுத்துச் சிவப்புத் துணியை ஆட்ட, சுற்றுப்புறத்துப் பெண்கள் திரண்டு சேற்றையும் சாணத்தையும் கல்லையும் வீசினார்கள். சேவகர் பாய்காட் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார். மறுநாள் முயற்சியும் தோற்றது. அதன் பிறகுதான் ஊர், வீட்டைத் தாக்குவதை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றியிருந்த உறவுகளை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கியது. பண்ணையாட்கள் வேலையை விட்டார்கள். மேய்ப்பன் போனான். கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார். துணி வெளுக்கும் பெண் இனி வெளுக்க மாட்டேன் என்றார். பாலின்ரோப் நகரத்துக் கடைக்காரர்கள் சரக்கு தரவில்லை. தபால் பை சுமந்த சிறுவன் வழியில் மிரட்டப்பட்டான். இந்த விவரங்களை எல்லாம் உலகத்துக்குச் சொன்னவர் பாய்காட்டேதான்: அக்டோபரில் டைம்ஸ் நாளேட்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். எனக்குத் தெரிந்தவரை, தன்னை ஒதுக்கிவைத்த முறையைப் பொருள்வாரியாகப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலாலேயே அகராதியில் ஏறிய மனிதர் அவர் ஒருவர்தான்.

கடிதம் வேலை செய்தது. கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது புரொட்டஸ்டண்டுத் தொண்டர்கள் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களைக் காக்க ஆயிரம் பேர் அளவுக்குப் படையும் காவலும் வந்தன. நவம்பர் மழை. கிளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு வண்டி தர ஆளில்லை. பதினான்கு மைல் நனைந்துகொண்டே பாலின்ரோப்புக்கு நடந்தார்கள். டர்னிப்பும் உருளைக்கிழங்கும் பிடுங்கினார்கள். தானியம் அடித்தார்கள். மீட்கப்பட்ட விளைச்சல் சில நூறு பவுண்டு பெறும். செலவு 10,000 பவுண்டு என்பது அக்கால மதிப்பீடு. ஒரு டர்னிப்புக்கு ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் கேலி செய்தார். ஊர்க்காரர்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தார் ஓமாலி பாதிரியார். படை திரும்பிப் போன அன்று சாலையோரம் தனியாக நின்ற ஒரு கிழவியிடம் போய், பிரிட்டிஷ் ராணுவத்தைத் தொந்தரவு செய்யாதே என்று சொன்னேன் அல்லவா என்று அதட்டினாராம். நம்பலாமா வேண்டாமா என்பது வேறு; மேயோவில் இந்தக் கதை இல்லாமல் அந்த வரலாறு சொல்லப்படுவதில்லை.

படையோடு படையாகப் பாய்காட்டும் கிளம்பினார். டப்ளினில் அவருக்கு அறை கொடுத்த விடுதிக்காரருக்கு மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு திரும்பி வந்து சில காலம் அதே பண்ணையில் இருந்தார் என்பதைப் பலரும் சொல்வதில்லை. அவர் 1897இல் இறந்தார். அதற்குள் அவர் பெயர் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வினைச்சொல்லாகிவிட்டது.

சரி, குடியானவனுக்கு விளங்காது என்று அந்த மேசையில் தள்ளப்பட்ட கிரேக்கச் சொல்லின் கதை என்ன? ‘ஆஸ்ட்ரகான்’ என்றால் பானை ஓடு. ஏதென்ஸ் நகரத்தார் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, இந்த ஆண்டு யாரையாவது வெளியேற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்வார்கள். வேண்டும் என்று முடிவானால் இன்னொரு நாள் சந்தைச் சதுக்கத்தில் ஓட்டெடுப்பு. உடைந்த பானைச் சில்லில் பெயரைக் கீறிப் போட வேண்டும். ஆறாயிரம் ஓடுகள் இருந்தால்தான் அது செல்லும். பெயர் வந்தவர் பத்து நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டும், பத்து ஆண்டுகள் திரும்பக் கூடாது. சொத்து பறிபோகாது, குடியுரிமையும் போகாது. குற்றச்சாட்டே கிடையாது, ஆகவே தற்காப்பு வாதமும் கிடையாது. முதல் ஓட்டெடுப்பு நடந்தது கி.மு. 487இல். பாரசீகரை சலாமிஸ் கடற்போரில் முறியடித்த தெமிஸ்டோக்ளிஸையும் சில ஆண்டுகளில் இதே முறையில் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அவர் பாரசீக மன்னனிடமே போய்ச் சேர்ந்தார்.

ஓடுகள் மண்ணுக்கடியில் பிழைத்துக் கிடந்தன. ஏதென்ஸின் கெராமைகோஸ் பகுதியில் 1960களில் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றைவிட எனக்குச் சுவையானது, அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றுக்குள் 1937இல் கிடைத்த குவியல். தெமிஸ்டோக்ளிஸின் பெயர் கீறிய 190 ஓடுகள். கையெழுத்தைச் சோதித்தால் எழுதியவர்கள் பதினான்கு பேர்தான். முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்த ஓட்டுச் சீட்டுகள். மக்கள் வெறுப்பு என்று நாம் சொல்வதற்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிய சில கைகள் எப்போதும் உண்டு போலும். ஓடு எறிவது வலிமை மிக்கவர்களைக் குறிவைத்த ஏற்பாடு என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வகையில் ரெட்பாத் தேடிய பொருளுக்கு அந்தச் சொல் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் மேயோவின் கொல்லரும் வெளுப்பவரும் செய்தது அதில் இல்லை. ஏதென்ஸ் ஆளைத்தான் அனுப்பியது; அவன் வீட்டு அடுப்பைத் தொடவில்லை.

அடுப்பைத் தொட்டவர்கள் ரோமானியர். நாடு கடத்துவதற்கு அவர்கள் சட்டத்தில் இருந்த வாசகம், நீரும் நெருப்பும் விலக்கப்பட்டவன் என்பது. அப்படி அறிவிக்கப்பட்டவனுக்கு எல்லைக்குள் யாரும் கூரையோ உணவோ தரக் கூடாது. தந்தவனுக்கும் தண்டனை உண்டு. கி.மு. 58இல் சிசெரோவுக்கு இது நடந்தது. விசாரணையில்லாமல் ரோமானியக் குடிமக்களைக் கொல்ல உத்தரவிட்டார் என்று குளோடியஸ் அவர்மீது சட்டம் கொண்டுவந்தார். பாலடைன் குன்றில் இருந்த அவர் வீடு இடிக்கப்பட்டது. கிரேக்கப் பகுதிக்கு ஓடிய அவர் மறு ஆண்டுதான் அழைக்கப்பட்டுத் திரும்பினார். தீப்பெட்டி வராத காலத்தில் பக்கத்து வீட்டில் கங்கு வாங்கித்தான் அடுப்பு மூட்ட வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வாசகத்தின் கடுமை புரியும். நம் ஊர்களிலும் தண்ணீரும் நெருப்பும் கொடுக்கக் கூடாது என்பதே கட்டுப்பாட்டின் முதல் வாக்கியம். ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் இதற்கு ‘ஹூக்கா பானி பந்த்’ என்பார்கள்: புகையும் நீரும் நிறுத்தம். அங்கே ஆண்கள் கூடும் இடத்தில் ஒரே ஹூக்கா சுற்றிவரும். அதன் குழாய் உன் கைக்கு வராது என்றால் நீ வட்டத்தில் இல்லை.

தண்ணீரை வைத்து ஒருவரை உயிரோடு சாகடிக்கவும் முடியும். மனு ஸ்மிருதியின் பதினொன்றாம் அத்தியாயத்தில் சாதியைவிட்டு விலக்கும் சடங்கு ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. உறவினர்கள் ஊருக்கு வெளியே கூடி, உயிரோடு இருப்பவனுக்கே நீர்க்கடன் செய்ய வேண்டும். ஓர் அடிமைப் பெண் நீர் நிறைந்த குடத்தைக் காலால் உதைத்துக் கவிழ்க்க வேண்டும். உறவினர்களுக்குத் தீட்டு. அதற்குப் பிறகு அவனோடு பேச்சில்லை, உட்காருவதில்லை, சொத்தில் பங்கில்லை. பரிகாரம் செய்து திரும்பினால் அவனோடு சேர்ந்து குளித்துப் புதுக்குடம் ஒன்றை நீரில் விட வேண்டும்.

‘அவனைத் தலைமுழுகிட்டேன்’ என்று ஒரு தாய் சொல்லும்போது சொல்வதும் இதுதான். சாவுச் செய்தி கேட்டால் தலையோடு குளித்துத் தீட்டைப் போக்கிக்கொள்வது நம் வழக்கம். உயிரோடு இருப்பவனுக்காகத் தலைமுழுகுவது அவனைச் செத்தவர் கணக்கில் எழுதுவது. மனுவிலிருந்து இது இறங்கி வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இழவுத் தீட்டும் குளியலும் இருக்கிற எந்தச் சமூகத்திலும் இந்த வழக்கு தானாகவே முளைக்கும். ‘தண்ணி தெளிச்சு விட்டாச்சு’ என்பது அவ்வளவு தெளிவில்லை. பலியாட்டின் தலையில் தண்ணீர் தெளித்து அது உடலைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று வெட்டுவதிலிருந்து வந்தது என்பார் உண்டு. நேர்ந்துவிட்ட கோயில் காளையிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வழக்கின் இன்றைய பொருளைப் பார்த்தால் நான் காளையின் பக்கம்தான் நிற்பேன். தண்ணி தெளித்து விடப்பட்ட பிள்ளை வெட்டுப்படுவதில்லை. கேட்பாரில்லாமல் ஊர்மேய்கிறது, யார் வயலில் வாய் வைத்தாலும் வீட்டார் பொறுப்பில்லை.

ஜப்பானியர் இதைக் கணக்காகவே வைத்திருக்கிறார்கள். அங்கே கிராமம் ஒரு குடும்பத்தை ஒதுக்கினால் அதன் பெயர் ‘முரா ஹச்சிபு’. முரா கிராமம், ஹச்சிபு பத்தில் எட்டுப் பங்கு. ஊரார் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் காரியங்கள் பத்து: பிறப்பு, கல்யாணம், நோய், வீடு கட்டுதல், வெள்ளம் என்று போகும். அவற்றில் எட்டை நிறுத்திவிட்டு இரண்டை மட்டும் விட்டுவைப்பார்களாம். தீயணைப்பதும் பிணம் எடுப்பதும். விட்டுவைத்ததில் கருணை குறைவு, கணக்கு அதிகம். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்கும் தாவும். எடுக்காத பிணம் ஊரையே நாறடிக்கும். இந்த விளக்கம் மிக அழகாக இருப்பதாலேயே மொழியறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள். சுண்டித் தள்ளுவதைக் குறிக்கும் ‘ஹஜிகு’ என்ற வினையின் திரிபாக இருக்கலாம், பத்துக் காரியப் பட்டியல் பின்னால் ஒட்டவைத்தது என்பது எதிர்வாதம். வழக்கம் மட்டும் உண்மை. 1952இல் ஷிசுவோகா மாநிலத்தின் உவேனோ கிராமத்தில் தேர்தல் மோசடி நடந்ததை ஒரு பள்ளி மாணவி நாளேட்டுக்கு எழுதினாள். அவள் குடும்பத்தோடு ஊர் பேச்சை நிறுத்தியது. நாடு முழுவதும் அது செய்தியானது, மறு ஆண்டு திரைப்படமாகவும் வந்தது.

அழகான விளக்கத்தைச் சந்தேகிக்கும் பழக்கம் ஆங்கில வழக்குகளிடம் இன்னும் தேவைப்படும். ஒருவரோடு யாரும் பேசக் கூடாது என்று முடிவு செய்தால், அவரைக் கோவென்ட்ரிக்கு அனுப்பிவிட்டோம் என்பார்கள் ஆங்கிலேயர். கோவென்ட்ரி என்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நகரம். 1640களின் உள்நாட்டுப் போரில் மன்னர் கட்சிக் கைதிகள் அங்கே அனுப்பப்பட்டார்கள், நகரத்தார் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அதிலிருந்து வந்தது என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதியிருக்கிறது. கைதிகள் போனது உண்மை. கிளாரெண்டன் பிரபு எழுதிய வரலாற்றில் இருக்கிறது. ஆனால் பேச்சை நிறுத்துவதற்கு இந்த வழக்கு பயன்பட்டதற்கான சான்று 1760களில்தான் தொடங்குகிறது, அதுவும் பணக்காரர்களின் நரிவேட்டைக் கழகக் குறிப்பேட்டில். நூறு ஆண்டுக்கு மேல் ஒரு வழக்கு யார் வாயிலும் வராமல், யார் எழுத்திலும் ஏறாமல் தூங்கியது என்று நம்புவதற்கு வலுவான காரணம் வேண்டும். அது இதுவரை யாரிடமும் இல்லை. வேட்டைக் குறிப்பேட்டின்படி, ஒதுக்கப்பட்டவர் ஆறு புட்டி ஒயின் அபராதம் கட்டித் திரும்பச் சேர்ந்துகொண்டார். அங்கே அது கனவான்களின் விளையாட்டு. நம் பிள்ளைகள் விரலை நீட்டிக் ‘காய்’ விட்டுச் சாயங்காலம் ‘பழம்’ விடுவதற்குப் பக்கத்தில் வைக்கலாம்.

‘குளிர்ந்த தோள் காட்டுதல்’ என்ற இன்னொரு ஆங்கில வழக்குக்கும் இப்படி ஒரு கதை: வேண்டாத விருந்தாளிக்குச் சூடான இறைச்சிக்குப் பதில் ஆறிப்போன ஆட்டுத் தோள்கறியைப் போடுவார்களாம். 1816இல் வால்டர் ஸ்காட் எழுதிய நாவலில் ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்காக இது முதலில் அச்சேறியபோது அங்கே சாப்பாடே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் காட்டுவது, அவ்வளவுதான். ஆட்டுக்கறி பின்னால் வந்தது.

பாய்காட்டுக்குத் திரும்பினால், அந்தப் பெயர் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே ஒரு சொல் காத்திருந்தது. பகிஷ்காரம். சாதியைவிட்டு விலக்குவதற்கான பழைய சொல். அது எப்படிப்பட்டது என்பதற்குப் பெயர் பெற்ற உதாரணம் காந்தி. 1888இல் படிக்க லண்டன் போகத் துணிந்தபோது பம்பாயில் அவருடைய மோத் பனியா சாதிக் கூட்டம் அவரை விலக்கியது. அவருக்கு உதவுகிறவருக்கும் வழியனுப்பப் போகிறவருக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம். திரும்பி வந்த பிறகும் சாதியின் ஒரு பிரிவு அவரைச் சேர்க்கவில்லை. மாமனார் வீட்டிலும் சொந்த அக்காள் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அவர் கட்டுப்பாட்டுக்கு அடங்கி நடந்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நியத் துணியை விலக்கும் தீர்மானம் நிறைவேறியபோது, மனிதனை விலக்கிய சொல் பொருளை விலக்கும் சொல்லாக மாறியது. தமிழ்நாடு பிறகு ‘புறக்கணிப்பு’க்கு மாறிக்கொண்டது. இலங்கைத் தமிழ் நாளேடுகள் இன்றும் வேலைநிறுத்தத்தைப் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்றே எழுதுகின்றன. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்து, குடாநாட்டின் நான்கு இடங்களும் காலியாகக் கிடந்ததை அங்கே யாரும் மறக்கவில்லை.

மேயோவின் நேரடி எதிரொலி கேட்டது தூத்துக்குடியில். 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் வ.உ.சி.யையும் எதிர்த்தவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டோம் என்று அந்நகரத்து நாவிதர்கள் மறுத்தார்கள். ஐரிஷ் கொல்லர் செய்த அதே காரியம். ஆனால் நாவிதரையும் சலவைத் தொழிலாளியையும் நிறுத்துவது இங்கே சுதேசிக் காலத்துப் புதுமை இல்லை. கிராமத்தில் ஊர்க்கூட்டம் யாரையாவது தள்ளிவைத்தால் முதலில் ஆள் போவது அவர்கள் இருவர் வீட்டுக்கும்தான்: இனி அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. மேயோவில் வெளுப்பவர் ஏழைகளின் பக்கம் நின்று மறுத்தார். இங்கே மேலே இருந்து வந்த உத்தரவை நிறைவேற்றினார். மீறினால் அவரும் தள்ளிவைக்கப்படுவார். ஒதுக்கப்படுபவர் தலித் என்றால் நாவிதரும் வெளுப்பவரும் முன்பே அந்தத் தெருவுக்கு வந்ததில்லை. அங்கே நிறுத்த வேண்டியது வேலை, கடன், மளிகை, நடக்கும் பாதை.

இந்த வித்தியாசத்தை முதலில் சட்டமொழியில் எழுதிக் கேட்டவர்களில் ஒருவர் தமிழர். ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நிலைமையை ஆராய பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவில் அம்பேத்கர் உறுப்பினர். 1930இல் வந்த அதன் அறிக்கை சமூகப் புறக்கணிப்பை மேல்சாதியினர் கையில் இருக்கும் பயங்கரமான ஆயுதம் என்கிறது. காரணங்களின் பட்டியலையும் தருகிறது: பூணூல் போட்டது, நிலம் வாங்கியது, நல்ல துணியும் நகையும் அணிந்தது, மாப்பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றித் தெருவில் ஊர்வலம் விட்டது. அதே ஆண்டு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து அளித்த கோரிக்கை மனு, இதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்றது. வீடோ நிலமோ குடியிருக்கத் தர மறுப்பது, கூலிக்கு வேலை செய்ய மறுப்பது, கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது, வழக்கமான சேவையைத் தரவோ பெறவோ மறுப்பது, வழக்கமான பழக்கத்தை விலக்குவது எல்லாம் அதில் வரையறையாக நின்றன. மேயோ கடிதத்தை நினைத்துக்கொண்டு படித்தால் வரிக்கு வரி அடையாளம் தெரியும்.

அந்த வரையறை அவர்களுடைய சொந்த ஆக்கம் அன்று. 1922இல் இயற்றப்பட்ட பர்மா புறக்கணிப்புத் தடைச் சட்டத்திலிருந்து சிறு மாற்றங்களோடு எடுத்தது என்று மனுவிலேயே குறித்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்தது பர்மாவின் தேசியவாதிகளை அடக்க. ஆட்சிக்கு ஒத்துழைத்தவர்களைக் கிராமச் சங்கங்கள் ஒதுக்கியதை முறியடிக்க எழுதிய வாசகங்களை, சொந்த நாட்டுப் பெரும்பான்மையிடமிருந்து தம் மக்களைக் காக்க இருவரும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். புறக்கணிப்பைப் புனித ஆயுதமாக ஏந்தியிருந்த காங்கிரஸ்காரருக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரே செயல், கலெக்டரின் ஆளுக்கு எதிராகச் செய்தால் போராட்டம், சேரிக்கு எதிராகச் செய்தால் பட்டினி. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது வசதிதான், யாருக்கு வசதி என்று கேட்க வேண்டும்.

வாசகம் பிழைத்தது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், பின்னர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது, தன் ஏழாம் பிரிவின் விளக்கத்தில் ஏறக்குறைய அதே சொற்களைக் கொண்டிருக்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்த தன் சாதிக்காரனையே விலக்குவதும் அங்கே குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனித்தனியாக வரையறுத்தது. ஒரு சாதி தன் சொந்த ஆளையே ஒதுக்குவதைத் தண்டிக்க மகாராஷ்டிரம் 2016இல் தனிச் சட்டம் இயற்றியது. அது மறு ஆண்டு அமலுக்கு வந்தது.

இதற்கெல்லாம் முன்பே பம்பாய் மாகாணம் 1949இல் ஒரு சட்டம் போட்டு எல்லா வகைச் சமூக நீக்கத்தையும் செல்லாது என்றது. தாவூதி போரா சமூகத்தின் மதத் தலைவர் வழக்குத் தொடுத்தார். கட்டுப்பாட்டை மீறியவரை விலக்குவது மத விவகாரம், அதில் அரசு தலையிட முடியாது என்று அவர் சொன்னதை 1962இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை ஏற்றுக்கொண்டு சட்டத்தை ரத்து செய்தது. விலக்கப்பட்ட போராவுக்குச் சமூகத்தின் பள்ளிவாசலும் இல்லை, கல்லறைத் தோட்டமும் இல்லை. ஜப்பானியக் கிராமம் விட்டுவைத்த இரண்டில் ஒன்று இங்கே விட்டுவைக்கப்படவில்லை. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வி பல பத்தாண்டுகளாக நீதிமன்றத்தில் கிடந்து, 2023 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.